மூல நிரலுக்கு ஆவணம்: எங்கிருந்து தொடங்குவது?

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் இடக்கரையில் கிடர்பூர் அமைந்துள்ளது. அங்குள்ள கப்பல் துறை 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு ஆற்றில் ஏறி வந்தே ஒரு கப்பல் இத்துறையை அடைதல் இயலும். வழி நெடுக மணல்திட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்று பெயர். 1694-இல் அங்குச் சிக்கி அழிந்த ஒரு கப்பலின் பெயரே திட்டுக்கும் நிலைத்துவிட்டது. வண்டல் படிவதும் அரிக்கப்படுவதும் ஓயாது நடப்பதால், சென்ற திங்கள் கப்பல் சென்ற தடத்தில் இத்திங்களும் போதிய ஆழம் இருக்கும் என்று கொள்வதற்கில்லை. ஆகவேதான் இவ்வாற்றை நன்கறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் துணையின்றிப் பெருங்கப்பல் எதுவும் இங்கு வருவதில்லை.

எனினும் அம்மாலுமியின் நினைவாற்றலை மட்டும் நம்பித் துறைமுகம் நடைபெறவில்லை. ஆற்று வரைபடங்கள் உள்ளன. துறைமுகத்தின் அளவையாளர்கள் ஆழத்தை மீண்டும் மீண்டும் அளந்து அறிவிக்கின்றனர். இந்திய நில அளவைத் துறை ஹூக்ளி ஆற்றுக்கெனத் தனியே ஓத அட்டவணை வெளியிடுகிறது. பழைய வரைபடம் ஒன்று, வரைபடமே இல்லாமையினும் தீங்கானது என்பதை இத்தொழிலில் உள்ளோர் நெடுங்காலமாகவே அறிவர். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளைப் பிறர் நம்பத்தக்க வகையில் எழுத்தில் வைத்திருப்பது எவ்வாறு என்னும் இதே வினா, இன்று கணிப்பொறி மென்பொருளை உருவாக்குவோரையும் அதனைப் பெற்று நடத்தும் அரசு அலுவலகங்களையும் எதிர்கொண்டுள்ளது.

களஞ்சியம் என்பது யாது?

ஒரு மென்பொருள், மனிதர் படிக்கத்தக்க கட்டளை வரிகளாகவே முதலில் எழுதப்படுகிறது. இதுவே மூல நிரல். பலர் கூடி எழுதும் நிரலையும், அதில் நாள்தோறும் நிகழும் மாற்றங்களையும், ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்பொழுது செய்தார் என்ற பதிவையும் ஒருங்கே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு மூல நிரல் களஞ்சியம் என்று பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி இப்பணிக்கு உலகெங்கும் பயன்படுகிறது. நம் நாட்டிலும், அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைத்துக் கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அதனை ஒட்டி ‘ஓபன்ஃபோர்ஜ்’ என்னும் அரசுக் களஞ்சியம் 2017-இல் தொடங்கப்பெற்றது.

களஞ்சியம் நிரலைக் காக்கும். ஆயின் அந்நிரல் எதற்காக எழுந்தது, எவ்வாறு இயக்குவது, ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என்பனவற்றைத் தானாகச் சொல்லாது. அவற்றை யாரேனும் எழுதி வைத்தல் வேண்டும். இதனையே ஆவணமாக்கல் என்கிறோம். இப்பணி பெரும்பாலும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கப்படுகிறது. கிட்ஹப் நிறுவனம் 2017-இல் திறந்த மூல மென்பொருள் உலகில் நடத்திய ஆய்வில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களை எதிர்கொண்டதாக 93 சதவீதத்தினர் கூறினர். அதே ஆய்வில், ஆவணப் பணிக்கு அரிதாகவே பங்களிப்பதாக, அல்லது பங்களிப்பதே இல்லை எனக் கூறியவர்கள் 60 சதவீதம். குறையை எல்லோரும் காண்கின்றனர், களைவோர் சிலரே.

எழுதாது விட்டால் நேர்வது

டென்மார்க் நாட்டுக் கணிப்பொறி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மென்பொருள் என்பது கட்டளை வரிகள் மட்டுமன்று. அவ்வரிகளை எழுதியோர் மனத்திலுள்ள புரிதலே அதன் உயிர். அப்புரிதலைக் கொண்ட குழு கலைந்துவிட்டால், நிரல் இயங்கிக்கொண்டிருந்தாலும் அதனை அறிவோடு மாற்றுவதற்கு ஆளிராது என்பது அவர் வாதம். எழுத்தில் முழுவதையும் கடத்திவிட இயலாது என்றே நவுர் கருதினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. எனினும், முழுவதும் இயலாது என்பதனால் ஒன்றுமே எழுதாதிருப்பதற்கு அது காரணமாகிவிடாது.

இந்தியாவின் மென்பொருள் தொழில் வளர்ந்த வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. ஆண்டினை நான்கு இலக்கங்களில் எழுதாமல் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்த பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டு பிறக்கும்பொழுது பிழைபடும் என்ற அச்சம் 1990-களில் எழுந்தது. மேலைநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பல்லாண்டுகளுக்கு முன் எழுதுவித்த நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தும் வேலை பெருமளவில் இந்திய நிறுவனங்களை வந்தடைந்தது. இலக்கத்தை மாற்றுவதில் அருமை ஒன்றுமில்லை. அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, அதனைத் தொட்டால் வேறு எது கெடும் என்று அறிவதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபால் என்னும் பழைய நிரல்மொழி அறிந்தோர் உதவிக்கு வரவேண்டுமென வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

அதே ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றும் நினைவுகூரத் தக்கது. ‘ஆரோக்கிய சேது’ செயலி 2020 ஏப்ரல் 2-ஆம் நாள் வெளியிடப்பட்டது. அதன் மூல நிரல் மே மாதத்தில் பொதுவெளியில் வைக்கப்பட்டது. ஆயினும் அச்செயலி உருவான விதம் குறித்த கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டபொழுது, உரிய அலுவலகங்களிலிருந்து விடை கிட்டவில்லை. செயலியின் இணையதளத்திலேயே தேசியத் தகவலியல் மையத்தின் பெயர் இருக்க, அம்மையம் தன்னிடம் தகவல் இல்லை என்றது எவ்வாறு என மத்தியத் தகவல் ஆணையம் அக்டோபரில் விளக்கம் கோரியது. தொழில்துறையினரும் கல்வியாளரும் அரசுடன் இணைந்து உருவாக்கியது அச்செயலி என்று அரசு உடனே தெளிவுபடுத்தியது. நிரல் திறந்திருப்பதும் அதன் பிறப்பு வரலாறு எழுத்தில் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அரசு அலுவலகங்களில் இவ்விடர் மிகுதியாக நேர்வதற்குக் காரணமும் உண்டு. மென்பொருளை ஒப்பந்த நிறுவனம் எழுதுகிறது; ஒப்பந்தம் சில ஆண்டுகளில் முடிகிறது; பணியை மேற்பார்வையிட்ட அலுவலர் மாறுதலில் செல்கிறார். ஆனால் மென்பொருளோ பதினைந்து, இருபது ஆண்டுகள் நின்று உழைக்கிறது.

முகப்புப் பக்கமே முதற்படி

ஆவணமாக்கல் என்றவுடன் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொகுதிகளைக் கற்பனை செய்து மலைப்பவர் பலர். அவ்வாறு தொடங்குவது தேவையுமில்லை, பெரும்பாலும் முடிவு பெறுவதுமில்லை. களஞ்சியத்தைத் திறந்ததும் கண்ணில் படும் ஒரே ஒரு பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. ‘ரீட்மீ’ என்று இதனை அழைப்பர். ‘என்னைப் படி’ என்பது பொருள். இப்பெயரில் கோப்பொன்றை நிரலோடு சேர்த்து வைக்கும் வழக்கம் 1970-களிலேயே இருந்தது.

கிடர்பூரில் கட்டப்படும் கப்பல்களுக்குத் துறைக் கட்டணம் கணக்கிடும் மென்பொருள் ஒன்று எழுதப்படுவதாக எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். அதன் முகப்புப் பக்கத்தின் முதல் வாக்கியம் எவ்வாறு அமைய வேண்டும்? ‘நவீனத் தொழில்நுட்பத்தின் துணையோடு உருவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த தீர்வு’ என்று எழுதினால் படிப்பவர் எதனையும் அறிந்துகொள்ளார். ‘கப்பலின் மொத்தக் கொள்ளளவு டன், துறையில் நின்ற மணிநேரம், கப்பலின் வகை ஆகியவற்றைக் கொண்டு துறைக் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பட்டியல் தரும் நிரல் இது, சரக்குக் கட்டணத்தை இது கணக்கிடாது’ என்று எழுதினால், அரை நிமிடத்தில் எல்லாம் விளங்கும். எதைச் செய்யாது என்பதையும் கூறுவது அரிய பண்பு. அதனால் பல மணிநேர வீண்தேடல் தவிர்க்கப்படுகிறது.

அடுத்து வேண்டுவது, புதிய கணிப்பொறி ஒன்றில் இந்நிரலை நிறுவி இயக்கும் முறை. எந்த இயக்குதளம், எந்தத் தரவுத்தளம், அவற்றின் எந்தப் பதிப்பு, எக்கட்டளைகளை எவ்வரிசையில் இடுவது என்பனவற்றை அப்படியே எழுதுதல் வேண்டும். ‘வழக்கம்போல் நிறுவிக்கொள்க’ என்ற வாக்கியம் எழுதுவோருக்கு மட்டுமே வழக்கமானது. கடவுச்சொற்களைக் களஞ்சியத்தில் எழுதலாகாது. அவற்றை யாரிடம் பெறுவது என்பதை எழுதலாம். சரியாக இயங்கினால் திரையில் காண வேண்டிய விடையையும் மாதிரியாகத் தருவது நன்று. நிரலைப் பிறர் பயன்படுத்துவதற்கான உரிமம், பழுது கண்டால் தெரிவிக்க வேண்டிய இடம், பொறுப்பிலுள்ள பதவி ஆகியனவும் இங்கேயே இடம்பெற வேண்டும். ஆளின் பெயரைவிடப் பதவியின் பெயர் நீண்ட நாள் நிற்கும்.

‘ஏன்’ என்னும் வினா

நிரல் என்ன செய்கிறது என்பதை, பொறுமையுள்ளவர் நிரலைப் படித்தே அறியலாம். அவ்வாறு ஏன் செய்கிறது என்பதை எவ்வளவு படித்தும் அறிய முடியாது. மேற்சொன்ன கட்டண நிரலில் ஓரிடத்தில் 0.60 என்ற எண்ணால் பெருக்கும் வரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். புதிதாக வந்த நிரலாளருக்கு அது பிழையோ, சலுகையோ, மறந்துவிட்ட சோதனையோ தெரியாது. கடலோரக் கப்பல்களுக்கான கப்பல்சார் கட்டணம், வெளிநாட்டுப் போக்குவரத்துக் கப்பல்களுக்குரிய கட்டணத்தில் 60 சதவீதத்தை மிகலாகாது என மத்திய அரசு 2005-இல் வகுத்த கொள்கையே அவ்வெண்ணின் பிறப்பிடம். அவ்வரியின் மேல் ஒரே ஒரு குறிப்பு இருந்தால் போதும்: எந்தக் கொள்கை, எந்த ஆண்டு, எவ்வகைக் கப்பலுக்கு.

இன்னொரு சூழலும் உண்டு. பெருந்துறைமுகங்களின் கட்டணங்களை நெடுங்காலம் பெருந்துறைமுகக் கட்டண ஆணையம் விதித்து வந்தது. 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அவ்வதிகாரம் ஒவ்வொரு துறைமுகத்தின் வாரியத்துக்கும் சென்றது. கொல்கத்தாத் துறைமுகத்தின் பெயரே 2020-இல் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம் என மாறியுள்ளது. நிரலில் பழைய ஆணையத்தின் பெயரும் பழைய துறைமுகத்தின் பெயரும் கலந்து கிடந்தால், எது இன்னும் செல்லும், எது வெறும் எச்சம் என்று யார் சொல்வது? முடிவுகளை எடுத்த அன்றே ஒவ்வொன்றுக்கும் ஓரிரு பக்க அளவில் ‘முடிவுப் பதிவு’ எழுதி, வரிசை எண்ணிட்டுக் களஞ்சியத்திலேயே வைக்கும் வழக்கத்தை மைக்கேல் நைகார்டு என்னும் மென்பொருளாளர் 2011-இல் பரிந்துரைத்தார். சூழ்நிலை யாது, கொண்ட முடிவு யாது, அதன் விளைவு யாது என்பவையே அதில் அடங்குவன. பின்னாளில் முடிவு மாறினால் பழைய பதிவை அழிப்பதில்லை. அது கைவிடப்பட்டது எனக் குறித்துப் புதியதை எழுதுவர். அரசுக் கோப்புகளின் குறிப்புப் பக்கங்களில் பழகிய அலுவலர் எவருக்கும் இம்முறை அந்நியமாகத் தோன்றாது. மென்பொருளாளரைவிட அவர்களே இதனைச் செம்மையாகச் செய்யக்கூடும்.

இடமும் காலமும்

ஆவணம் எங்கே இருக்க வேண்டும்? நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே, எளிய உரைக் கோப்புகளாக இருத்தல் வேண்டும். ஒப்பந்த முடிவில், கடைசித் தவணை பெறுவதற்காகக் கட்டிக் கொடுக்கப்படும் பருத்த தொகுதிகள், அலமாரியை விட்டு இறங்குவது அரிது. அவை ஒப்படைக்கப்பட்ட மறுநாளே நிரல் மாறிவிடுகிறது; தொகுதி மாறுவதில்லை. களஞ்சியத்தில் உள்ள ஆவணமோ நிரலோடு ஒரே மாற்றத்தில் திருத்தப்படலாம். கட்டண விதியை மாற்றுபவர் அதே பதிவில் விளக்கப் பக்கத்தையும் மாற்றியிருக்கிறாரா என்பதை, மாற்றத்தைச் சரிபார்ப்பவர் பார்த்தல் வேண்டும். இல்லையேல் மாற்றத்தை ஏற்றலாகாது. ஹூக்ளியில் ஆழம் அளப்பது ஆண்டுக்கொருமுறை நடக்கும் சடங்காக இருப்பின் எத்தனை கப்பல்கள் தரைதட்டும் என்று எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் நியாயம் விளங்கும்.

தொடக்கத்திலேயே ஆவணத்தையும் சேர்த்து வளர்ப்பது புதிய கருத்தன்று. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயக்குதளம் உருவானபொழுது, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் சுருக்கமான பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அறிந்த பிழைகளுக்கு ஒரு பகுதி. தன் குறைகளைத் தானே அச்சிட்டுக் கொடுத்த கையேடு அது. அப்பழக்கம் யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் இன்றளவும் தொடர்கிறது.

பிற அமைப்புகளோடு உரையாடும் மென்பொருளுக்கு மேலும் ஓர் ஆவணம் கட்டாயமாகிறது. துறைமுகமும் சுங்கத் துறையும் கப்பல் முகவர்களும் மின்வழியாகச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றனர். செய்தியில் எந்தப் புலம் எத்தனை எழுத்து, எந்தக் குறியீடு எதைச் சுட்டும் என்பதில் ஒருவர் கருதுவதும் மற்றவர் கருதுவதும் வேறுபட்டால் சரக்கு துறையிலேயே கிடக்கும். இதற்காகவே சுங்கத் துறை, செய்தி வடிவங்களை விளக்கும் நடைமுறைக் கையேடுகளை வெளியிட்டு வருகிறது. இத்தகைய கையேடுகளை யாரும் அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. படிக்காவிடில் வேலை நடவாது என்பதால், அவற்றில் பிழை இருந்தால் விரைவிலேயே சுட்டிக்காட்டப்படுகிறது.

கருவிகளின் எல்லை

நிரலிலுள்ள குறிப்புகளைத் திரட்டித் தானாகவே பக்கங்களாக அமைத்துத் தரும் கருவிகள் பல உண்டு. டாக்சிஜன் 1990-களிலிருந்தும், ஸ்பிங்க்ஸ் 2008-லிருந்தும் புழக்கத்தில் உள்ளன. இவற்றால் பயன் உண்டு. ஆயின் நிரலில் குறிப்பே இல்லாதபொழுது இவை தருவது, செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியல் மட்டுமே. அண்மை ஆண்டுகளில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, நிரலைப் படித்து விளக்கம் எழுதித் தருகின்றன. 0.60 என்பதால் பெருக்கப்படுகிறது என்று அவை பிழையின்றிக் கூறும். கொள்கையின் பெயர் களஞ்சியத்தில் எங்கும் இல்லையெனில், காரணம் இதுவாக இருக்கலாம் என ஊகித்து, ஊகத்தை உண்மை போலவே எழுதிவிடவும் கூடும். ஆதலின் இக்கருவிகள் வந்தபின், ‘ஏன்’ என்பதை மனிதர் எழுதி வைக்கும் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

எம்மொழியில் எழுதுவது என்பதும் எண்ணத்தக்கது. பல மாநிலத்தார் கூடி எழுதும் நிரலின் ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பது தவிர்க்க இயலாதது. ஆனால் மாவட்ட அலுவலகத்தில் அதனைப் பயன்படுத்தும் எழுத்தருக்கான கையேடு அவர் மொழியில்தான் இருக்க வேண்டும். தமிழில் கணிப்பொறி நூல் எழுத இயலாது என்பாரும் உளர். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே விளக்கி வந்திருப்பது அவர்களுக்கு விடையாகும்.

இனி ஏற்புமுறை. மென்பொருளை ஒப்பந்தக்காரரிடமிருந்து பெறும் அலுவலர், ஆவணம் உள்ளதா என்று பட்டியலில் குறியிட்டு அமைந்துவிடுவது வழக்கம். பக்கங்களை எண்ணுவதால் தரம் தெரியாது. செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. அப்பணியில் ஈடுபடாத இளம் பொறியாளர் ஒருவரிடம் வெறுமையான கணிப்பொறி ஒன்றையும் களஞ்சியத்தின் முகவரியையும் மட்டும் கொடுத்தல் வேண்டும். எழுதியவரை அவர் தொலைபேசியில் அழைக்கலாகாது. முகப்புப் பக்கத்தைப் பின்பற்றி அவர் நிரலை நிறுவ வேண்டும். ஒரு மாதிரிக் கப்பலுக்குக் கட்டணம் கணக்கிட வேண்டும். ஏதேனும் ஒரு கட்டண விகிதத்தை மாற்றி, விடை மாறுவதையும் காட்ட வேண்டும். அவர் தடுமாறி நின்ற இடங்களைத் தேதியிட்டுக் குறித்து, அவ்விடங்கள் திருத்தப்பட்ட பின்னரே கடைசித் தவணையை விடுவிப்பதென ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சிறு மென்பொருளுக்கு இச்சோதனை ஒரு நாளில் முடியும். பெரியதற்கு ஒரு வாரம் ஆகலாம்.